ததேயுஸுக்கு வைத்த வால் நட்சத்திரம்

2006ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ததேயுஸ் அடக்கம் செய்யப்பட்ட மறுநாள் சாயங்காலம், இனயம் கடற்கரைச் சாலை முக்கில் இருந்த ஒயின்ஷாப்பின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலே, ஒரு தென்னை உயரத்தில், வாலுள்ள மஞ்சள் நட்சத்திரம் ஒன்று வந்து நின்றது. அளவில் அரிசி புடைக்கும் சுளகைவிடக் கொஞ்சம் பெரிது. வெளிச்சம் ஓர் அறுபது வாட்ஸ் பல்புக்குச் சமம். அந்த வாரம் நெய்மீன் வரத்து குறைவாகவும் சாளை வரத்து அமோகமாகவும் இருந்தது. ஊரில் கரண்ட் பலமுறை போயிற்று. கரண்ட் போனபோதும் அது மட்டும் அணையாமல் நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

அதற்கு ஊரைக் குறை சொல்ல முடியாது. டிசம்பரில் எங்கள் கடற்கரையில் நட்சத்திரம் தொங்காத வீடு கிடையாது. காகித நட்சத்திரம், பிளாஸ்டிக் நட்சத்திரம், மூங்கில் சிராய் வளைத்துச் செய்த ஆளுயர நட்சத்திரம் என்று போட்டி நடக்கும். பக்கத்து வீட்டுக்காரன் தென்னையில் கட்டினால் இவன் அதைவிட உயரமான தென்னையைத் தேடுவான். ஆகையால், ஒயின்ஷாப் சூப்பர்வைசர் கிருஷ்ணமணி மத நல்லிணக்கத்துக்காக ஒன்று கட்டியிருக்கிறார் என்று ஊர் எண்ணிக்கொண்டது. கிறிஸ்துமஸ் அன்று மூன்று வீட்டார் அவருக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவரோ, நட்சத்திரத்தைப் பள்ளிக்காரர்கள், அதாவது தேவாலயத்தார், கட்டியிருக்கிறார்கள், கேக்கும் அந்தக் கணக்கில்தான் வருகிறது என்று எண்ணி வாங்கித் தின்றார்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் ஊரில் எல்லா நட்சத்திரங்களும் இறங்கின. இது மட்டும் இறங்கவில்லை. பண்டிகை முடிந்தும் ஒயின்ஷாப்புக்கு மேல் நட்சத்திரம் எதற்கு என்று தேவாலயத்தின் பங்குப் பேரவை ஆள் அனுப்பிக் கேட்டது. கிருஷ்ணமணி ஏணி போட்டுக் கூரையில் ஏறி, தேங்காய் பறிக்கும் தோட்டியை நீட்டிப் பார்த்தார். தோட்டி நட்சத்திரத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. வயரும் இல்லை, கயிறும் இல்லை. தோட்டி நுனி மட்டும் லேசாகச் சுட்டது. அவர் இறங்கிவந்து, மேலதிகாரிக்குத் தெரிவிக்கலாமா என்று யோசித்து, தெரிவித்தால் விளக்கம் கேட்பார்கள் என்பதால் சும்மா இருந்துவிட்டார்.

அது யாருடைய நட்சத்திரம் என்று கண்டுபிடித்தவர் மரியான். ததேயுஸோடு இருபது வருடம் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவர், அதே இருபது வருடம் ஒரே மேசையில் குடித்தவர். அந்தோனியார் குருசடி என்ற சிற்றாலயம் இருக்கும் சந்தின் முகப்பில் ததேயுஸின் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அப்போதும் நின்றது. மரியான் ஒரு நாள் கடைக்குப் போகிற வழியில் அதன் முன்னால் நின்று நண்பருக்காகச் சிலுவை வரைந்தார். அப்போது இறந்த தேதிக்கு முன்னால் இருந்த நட்சத்திரம் அவர் கண்ணில் பட்டது. கீழ் முனை ஒன்று கொஞ்சம் மழுங்கிய நட்சத்திரம். வால் நுனியில் இரண்டு புரி. கடைக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். அங்கும் மழுங்கிய முனை, அங்கும் இரண்டு புரி. அன்று அவர் குடிக்காமல் திரும்பினார், அதுவே ஊரில் முதல் செய்தியாகப் பரவியது.

பிழை நடந்த விதம் எளிது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் மரண அறிவிப்பில் பிறந்த தேதிக்கு முன்னால் ஒரு சின்ன நட்சத்திரமும் இறந்த தேதிக்கு முன்னால் ஒரு சிலுவையும் வைப்பார்கள். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று எதில் சண்டை போட்டாலும் இதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே வழக்கம். ததேயுஸின் ஃப்ளெக்ஸ் அடிக்கப்பட்டது குழித்துறையில், ஜெபதாஸ் நடத்திய டிஜிட்டல் கடையில். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவள் ஜெஸ்பின் என்ற பெண், பாலிடெக்னிக் முடித்தவள். அந்தத் தொழிலில் யாரும் புதிதாக ஒன்றைத் தொடங்குவதில்லை. கடைசியாகச் செய்த வேலையைத் திறந்து, பெயரை அழித்து, அடுத்த பெயரை அடிப்பார்கள். கல்யாணத்தின் மேல் பூப்பு நீராட்டும், பூப்பு நீராட்டின் மேல் கட்சி மாநாடும் அப்படித்தான் ஏறும். அன்று ஜெஸ்பின் கடைசியாகச் செய்திருந்தது ஓர் இளைஞர் மன்றத்தின் கிறிஸ்துமஸ் வாழ்த்து. அதில் இருந்த வால் நட்சத்திரம், திருவனந்தபுரத்திலிருந்து யாரோ கொண்டுவந்த சிடியில் கிடைத்த ஓர் எழுத்துருவின் எழுத்து. பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு ஆட்கள் கடை வாசலில் நிற்கிறார்கள், அவசரம். படம் மாறியது, பெயர் மாறியது, தேதி மாறியது. சிலுவை வர வேண்டிய இடத்தில் அந்த நட்சத்திரம் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. பெத்லகேமில் அந்த நட்சத்திரம் போய் நின்ற இடத்தில் குழந்தை இருந்தது. ததேயுஸைத் தேடிப்போன நட்சத்திரம் ததேயுஸ் இருந்த இடத்தில் நின்றது. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு நெஞ்சில் கைவைத்தவர் ததேயுஸின் மனைவி வியாகுலம்மாள். ததேயுஸ் கெட்ட மனிதர் அல்ல. கை நீட்டியதில்லை, மனைவியை ஒரு சொல் மோசமாகச் சொன்னதில்லை. கரைக்கு வந்து, மீன் ஏலம் முடிந்து, குளித்து, நெற்றியில் பவுடர் பூசி, “இந்தா வாறேன் வியாகுலம்” என்று சொல்லிவிட்டு இறங்குவார். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த ‘இந்தா வாறேன்’ நீண்டுகொண்டே இருந்தது. வியாகுலம்மாள் சோற்றையும் மீன்கறியையும் மூடிவைத்துக் காத்திருப்பார். அவர் வரும்போது கறியில் ஆடை படிந்திருக்கும். ஒரு நாளாவது விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த மனிதர் வீட்டில் இருந்து, சூடான சோறு தின்று பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வியாகுலம்மாள் வாழ்க்கையில் பெரிதாக எதையும் கேட்டதில்லை. செத்த பிறகாவது வீட்டில் இருப்பார் என்று நம்பித்தான் படத்துக்கு மாலை போட்டு, சீரியல் பல்பு எரியவிட்டிருந்தார். இப்போது பார்த்தால் ஆள் அங்கே இருக்கிறார்.

அன்று மாலையே ஒயின்ஷாப் முன்னால் போய் நின்றார். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி அந்தக் கடை வாசலில் தனியாக நின்றது அதுவே முதல் முறை. குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். வியாகுலம்மாள் அவர்களைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து, “ஓய், ஒமக்கு வெக்கம் உண்டா?” என்று தொடங்கினார். “சீவனோட இருந்தப்பளும் இஞ்சதான் கெடந்தீரு. செத்தும் இஞ்சதானா? எனக்க வீட்டுக்க கூர ஒமக்குக் கூரயாத் தெரியேலியா? எறங்கி வாரும். மரியாதையாட்டு எறங்கி வாரும்.” நட்சத்திரம் வாலை மட்டும் கொஞ்சம் தாழ்த்தியது. ததேயுஸும் திட்டு வாங்கும்போது தலையை அப்படித்தான் தாழ்த்துவார் என்று மரியான் பிற்பாடு சொன்னார். ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை. பத்து மணிக்குக் கடை சாத்தியபோது அதுவும் அணைந்தது, மறுநாள் ஷட்டர் தூக்கியபோது மறுபடி வந்தது. பகலில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த வாரமே வியாகுலம்மாள் பஸ் ஏறிக் குழித்துறைக்குப் போனார். மரியானைக் கைப்பேசியோடு ஒயின்ஷாப் முக்கில் நிறுத்திவைத்திருந்தார். ஜெபதாஸ் கடைக்குள் நுழைந்து, “ஏட்டி மக்களே, எனக்க மாப்ளைக்கி வாலு வச்ச நட்சத்திரம் போட்டது நீயா?” என்று கேட்டார். ஜெஸ்பின் எழுந்து நின்றுவிட்டாள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, “தப்பு பத்திப் போச்சு அம்மா. சிலுவ வச்சி வேற அடிச்சித் தாறேன். பைசா ஒண்ணும் வேண்டாம்” என்றாள். வியாகுலம்மாள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “சிலுவ கெடக்கட்டும். அத வீட்டுக்குக் கொண்டுவர ஒக்குமான்னு பாரு.”

பாலிடெக்னிக்கில் இதைச் சொல்லித் தந்திருக்கவில்லை. ஆனாலும் ஜெஸ்பின் முயன்றாள். நட்சத்திரத்தை மௌஸால் பிடித்து வீட்டு முகவரிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தாள். மரியான் போனில், “ஒண்ணு ஆடிச்சு, நின்னுபோச்சு” என்றார். வாலைத் திருப்பினாள். “இப்ப பள்ளிக்க பக்கம் பாக்குது. இப்ப கடலுக்க பக்கம் பாக்குது. ஆனா எடத்த விட்டு மாறேல அக்கா.” பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள். வாடிக்கையாளர்கள் காத்துக்கிடப்பதைப் பார்த்துப் பொறுமையிழந்த ஜெபதாஸ், “இது என்ன வெளையாட்டு, தெளிவாட்டு சிலுவய வச்சிட்டுப் போவியா” என்று குனிந்து, நட்சத்திரத்தை அழித்து, சிலுவையை வைத்து, சேவ் செய்துவிட்டார். போனில் மரியானின் குரல் மாறியது. “அக்கா. ஆளக் காணேல.”

மருத்துவமனையில் ததேயுஸின் கையைப் பிடித்திருந்தபோது கூட வியாகுலம்மாள் இப்படிக் கத்தியதில்லை. “திருப்பி வை! ஏட்டி, திருப்பி வை!” என்று மேசையை அடித்தார். ஜெஸ்பின் கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அமுக்கினாள், பிறகு சேவ் செய்தாள். “வந்தாச்சு, வந்தாச்சு” என்றார் மரியான். வியாகுலம்மாள் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். “ஒரே மனுசனுக்கு ரெண்டு தடவ அழ எனக்கு ஆவாது மக்களே” என்று ஜெஸ்பினிடம் சொன்னார். விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது. திருத்தினால் மானம் மிஞ்சும், மனிதர் போய்விடுவார். திருத்தாவிட்டால் மனிதர் இருப்பார், ஆனால் ஊர் முழுக்கப் பார்க்க ஒயின்ஷாப்புக்கு மேல் இருப்பார். பஸ் கருங்கல் ஊரைத் தாண்டுவதற்குள் முடிவெடுத்துவிட்டார். மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

செய்தி மாவட்டம் முழுக்கப் பரவியது. தங்கள் வீட்டு இறந்தவருக்கும் வால் நட்சத்திரம் வேண்டும் என்று ஜெபதாஸ் கடைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெரும்பாலானவை எழவே இல்லை. எழுந்தவை எழாமலே இருந்திருக்கலாம். ஒரு பெரியவரின் நட்சத்திரம், அவர் சொத்து எழுதிவைத்த மகனின் வீட்டுக்கும் போகாமல், எழுதாத மகளின் வீட்டுக்கும் போகாமல், வேலித் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டுக்காரனின் பலா மரத்துக்கு மேல் நின்றது. ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் நட்சத்திரம் மலைப்பக்கம் புறப்பட்டுப் போய், கீரிப்பாறை ரப்பர் தோட்டக் குடியிருப்பில் பால்வெட்டும் பெண் ஒருத்தியின் வீட்டுக்கு மேல் நின்றது. தோட்டத்து பஸ்ஸில் வந்தவர்கள் சொல்லித்தான் குடும்பத்துக்குத் தெரிந்தது. அன்றைக்கே வந்து சிலுவை வைக்கச் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை. அதன்பிறகு ஜெபதாஸ், வால் நட்சத்திரம் வைத்துத் தரப்படமாட்டாது என்று பலகை எழுதித் தொங்கவிட்டார். அந்தப் பலகையையும் ஜெஸ்பின்தான் அடித்தாள். அந்த டிசம்பருக்குப் பிறகு அவள் கையிலிருந்து போன எதிலும் பிழை வந்தது கிடையாது. ஒரே ஒரு பிழையை மட்டும் ஆண்டுதோறும் நினைவு நாளுக்கு, அதே கோப்பைத் திறந்து, முதலாமாண்டை இரண்டாமாண்டாக்கி, இரண்டாமாண்டை மூன்றாமாண்டாக்கி, கவனமாகத் திரும்பவும் செய்துகொடுத்தாள்.

வீட்டுக்கு வராத மனிதருக்கு வீட்டுச் சோற்றையாவது கொண்டுபோகலாம் என்று வியாகுலம்மாளுக்குத் தோன்றியது. மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து, சாளைக்கறியோடு தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, ஒயின்ஷாப்புக்கு எதிரே பூவரசு மரத்தடியில் உட்கார்ந்தார். நட்சத்திரம் சாப்பிடாது என்பது அவருக்குத் தெரியும். படத்துக்கு முன்னால் வைக்கிற சோற்றை மட்டும் யார் சாப்பிடுகிறார்கள்? மணம் சாலையைத் தாண்டிப் போனது. முதல் நாள் மரியான் வந்து கை நீட்டினார். மறுநாள் நான்கு பேர். மழைக்காலம் தொடங்குவதற்குள் மரத்தடியில் ஒரு தார்ப்பாய், ஓர் அடுப்பு, மீன் பொரிக்கிற சட்டி, இரண்டு பெஞ்சு என்று ஆகிவிட்டது. இனயத்தில் இன்று வரை அதைவிட நல்ல பொரிச்ச மீன் கிடையாது. குடிக்காதவர்கள்கூட முக்காடு போட்டுக்கொண்டு வந்து வாங்கினார்கள். கிருஷ்ணமணியின் விற்பனை ஏறியது, மேலதிகாரிகள் பாராட்டினார்கள், எப்படி என்று கேட்டபோது அவர் நல்ல உழைப்பு என்றார்.

பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்த மகன் டிஜோவுக்கு இதெல்லாம் மூன்றாம் மனிதர்கள் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. போனில் கத்தினான். “அம்மா, அப்பா அங்க குடிச்சாரு, செரி. இப்ப நீங்க அங்க கட இட்டிருக்கிய. எனக்கு எவன் பெண்ணு தருவான்?” வியாகுலம்மாள் மீனைத் திருப்பிப் போட்டபடியே பதில் சொன்னார். “ஒனக்க அப்பனுக்கு எங்க அப்பச்சன் பெண்ணு தரேலியா? அதுபோல எவனாவது தருவான்.” அப்படியே தந்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ரகசியமாக விசாரிக்க வந்த அன்று ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில் மீன் பொரியலும் பொதிந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

நட்சத்திரத்துக்கு அரசாங்க விடுமுறை எல்லாம் உண்டு. காந்தி ஜெயந்திக்கு வராது. குடியரசு தினத்துக்கு வராது. தேர்தல் வந்தால் சேர்ந்தாற்போல் சில நாட்கள் வராது. மகாவீர் ஜெயந்தி என்று ஒரு நாள் உண்டென்பது குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் தெரியவந்தது இதனால்தான். அந்த நாட்களில் வியாகுலம்மாள் அடுப்பு மூட்டமாட்டார், யாரோடும் பேசமாட்டார். புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒருவர், அது ஆண்டவருடைய அடையாளமா சாத்தானுடைய சோதனையா என்று கேட்டு ஆயர் இல்லத்துக்கு எழுதினார். பதில் வருவதற்குள் அவருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர் எழுதவில்லை, மீன் வாங்கி அனுப்பச் சொன்னார்.

2012இல் ஒயின்ஷாப்பை மூட வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் போராட்டம் அறிவித்தார்கள். நியாயமான போராட்டம். குடியால் கெட்ட வீடுகள் எங்கள் கடற்கரையில் குறைவில்லை. அவர்களுக்கு முன்னால் நிற்க ஒரு முகம் வேண்டியிருந்தது. கணவனை உயிரோடும் செத்த பிறகும் அந்தக் கடைக்குப் பறிகொடுத்த வியாகுலம்மாளைவிடப் பொருத்தமான முகம் எது? அவர் மறுக்க முடியவில்லை. மற்ற பெண்களின் கண்ணீரை அவர் பார்த்தவர்தான். கையில் அட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். வாய் ‘மூடு மூடு’ என்று கோஷம் போட்டது. மனம் மாதாவிடம் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தது. “மாதாவே, இவளுவளுக்கும் நல்லது நடக்கட்டும், எனக்கும் ஆளு போவாண்டாம்” என்று வேண்டியதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். மாதா இரண்டு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பளித்தார். கடை மூடப்படவில்லை, ஊருக்குக் கிழக்கே தென்னந்தோப்பு ஓரத்துக்கு மாற்றப்பட்டது. சரக்கு ஏற்றி இறக்கிய இரண்டு நாளும் வானத்தில் எதுவும் இல்லை. வியாகுலம்மாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் தோப்புக்கு மேல் மஞ்சள் வெளிச்சம் தெரிந்ததும், அடுப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு கிழக்கே நடந்தார்.

ஜெபதாஸுக்கு வயதாகி, கடையை மகன் ஜெப்சன் எடுத்து நடத்தத் தொடங்கியது அதற்கு இரண்டொரு வருடம் கழித்து. ஜெப்சன் சென்னையில் படித்தவன், பழைய சாமான் எதையும் அவனுக்குக் கண்ணில் காட்டக் கூடாது. ஜெஸ்பின் பிரசவத்துக்காக விடுப்பில் போன நேரம் பார்த்து, மூலையில் அவள் துணி போட்டு மூடிவைத்திருந்த பழைய கம்ப்யூட்டரைப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்க் கடைக்குத் தள்ளிவிட்டான். உள்ளே இருந்த கோப்புகளைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றினான். எழுத்துருக்களை மாற்றவில்லை. அவையெல்லாம் காலாவதி ஆகிவிட்டன, இனி எல்லாம் யூனிகோடு என்றான். டிசம்பர் வந்தது, நினைவு நாள் ஃப்ளெக்ஸுக்கு இனயத்திலிருந்து போன் வந்தது. ஜெப்சன் ததேயுஸின் கோப்பைத் திறந்தான். இறந்த தேதிக்கு முன்னால், நட்சத்திரம் இருந்த இடத்தில், ஒரு காலிக் கட்டம் இருந்தது. எந்த எழுத்து என்று அடையாளம் தெரியாதபோது கம்ப்யூட்டர் போடுகிற வெறும் கட்டம். ஜெப்சன் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்தான். ஆண்டை மாற்றி, சேவ் செய்து, அச்சுக்கு அனுப்பினான்.

தென்னந்தோப்புக்கு மேல் நின்ற நட்சத்திரம் ஒரு கணம் சுருங்கி, விரிந்து, நாலு கோடு கொண்ட மஞ்சள் சதுரமாக ஆனது. நடுவில் ஒன்றும் இல்லை, அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது. முனை இல்லை, வால் இல்லை. குடித்துக்கொண்டிருந்தவர்கள் தங்களுக்கு அதிகமாகிவிட்டது என்று நினைத்து கிளாஸைக் கீழே வைத்தார்கள். வால் இருந்தவரைக்கும் அதற்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருந்தது. வால் போனதும் வழி மறந்துபோயிற்று. கொஞ்ச நேரம் இருந்த இடத்திலேயே தடுமாறியது. பிறகு மெதுவாக மேற்கே நகர்ந்தது. பஸ் நிறுத்தத்துக்கு மேல் நின்று பார்த்தது. பள்ளியின் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. மீன் ஏலக்கூடத்துக்கு மேல், பழைய வள்ளங்கள் கவிழ்ந்து கிடக்கும் மணலுக்கு மேல், இடம் விசாரிக்கிற வெளியூர்க்காரனைப்போல ஒவ்வொரு இடமாக நின்று நின்று போனது. கடைசியில் போவதற்கு வேறு இடம் இல்லாமல், அந்தோனியார் குருசடிச் சந்துக்குள் நுழைந்து, வியாகுலம்மாளின் ஓட்டு வீட்டுக்கு மேல் வந்து நின்றது. விளக்கு வைக்கிற நேரம்.

வியாகுலம்மாள் அப்போது தோப்போரத்தில் சட்டி முன்னால் நின்று, வானத்தைப் பார்த்து நெஞ்சில் அடித்து அழுதுகொண்டிருந்தார். மரியான் ஊருக்குள்ளிருந்து ஓடிவந்தார். வயதான மனிதர், மூச்சு வாங்கியது. “அக்கா, ஆளு வீட்ல உண்டு” என்றார். எண்ணெயில் கிடந்த மீன் கருகியது. அந்தக் கடையில் மீன் கருகியது அந்த ஒரு நாள்தான். வியாகுலம்மாள் ஓடவில்லை. அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊரே பின்னால் வர, நேராக நடந்து போனார். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். முற்றம் முழுக்க மஞ்சள் வெளிச்சம் விழுந்திருந்தது. திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். “வந்தீராக்கும்” என்று மட்டும் கேட்டார். உள்ளே போய் உலை வைத்தார். சோறு வெந்ததும் ஒரு தட்டில் ஆவி பறக்கப் போட்டு, கறி ஊற்றி, முற்றத்தில் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் அவரும் ஒரு தட்டோடு உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஏன் அழுகிறோம் என்று தெரியாமலே அழுதார்கள்.

விஷயம் கேட்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெஸ்பின் மறுநாள் காலையில் வந்து இறங்கினாள். பழைய சிடி அவள் வீட்டு அலமாரியில் இருந்தது, அதைக் கையில் கொண்டுவந்திருந்தாள். ஜெப்சனை நினைத்து அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “அம்மா, வெசனப்படாதிங்க. ஒரு மணிக்கூறு தாங்க, பழைய ஸ்டார அதுபோலவே வச்சித் தாறேன். வாலும் வந்துரும்.” வியாகுலம்மாள் அவள் கையிலிருந்து சிடியை வாங்கிப் புடவைக்குள் செருகிக்கொண்டார். “வாலு வேண்டாம் மக்களே. வாலு வச்சா அது போயிரும்” என்றார். பிறகு குழந்தையை வாங்கிக் கொஞ்சி, எல்லோருக்கும் காப்பி போட்டார். ஜெஸ்பின் திரும்பிப் போன உடனே அந்தக் கோப்பை யாரும் திறக்க முடியாதபடி பூட்டிவைத்தாள். ஜெப்சன் இன்றுவரை அதன் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கட்டம் இப்போது அரசாங்க விடுமுறை பார்ப்பதில்லை. காந்தி ஜெயந்திக்கும் வருகிறது. டிசம்பரில் ஊரெல்லாம் நட்சத்திரம் தொங்கும்போது அந்தச் சந்தில் மட்டும் சிலர் காகிதத்தில் சதுரம் செய்து கட்டுகிறார்கள். தபால்காரரும் கேஸ் சிலிண்டர்காரரும் கட்டத்து வீடு என்றுதான் விலாசம் கேட்கிறார்கள். தென்னந்தோப்பு ஓரத்தில் வியாகுலம்மாளின் மீன்கடை நிற்கவில்லை. நல்ல வியாபாரத்தை யாராவது விடுவார்களா? ஒரு வித்தியாசம் உண்டு. முன்பெல்லாம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் அவர் கடைக்கு வருவார். இப்போது அந்த நேரத்துக்குள் சட்டி கழுவிவிடுகிறார். வீட்டில் ஆள் வந்து நிற்கும். அவர் வந்து சேரும்வரை அது மங்கலாகவே எரியும் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள்.

ஆனால் சில நாட்கள், சட்டி கழுவிக் கவிழ்த்து, பெஞ்சு துடைத்து, எல்லாம் முடிந்த பிறகும் வியாகுலம்மாள் எழுந்திருப்பதில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, வேலையில்லாமல் சாலையைப் பார்ப்பார். இருட்டிவிடும். “அக்கா, போவேலியா? அங்க காத்து நிக்குமே” என்று மரியான் கேட்பார். “இந்தா போறேன்” என்பார் வியாகுலம்மாள். வெற்றிலை தீரும்வரை அப்படியே இருப்பார். பிறகு புடவையை உதறிக்கொண்டு எழுந்து, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடப்பார். சந்து திரும்பியதும் கட்டம் பளிச்சென்று எரியும். அந்த வெளிச்சத்துக்காகக் காத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் வலையை மடியில் போட்டுக்கொண்டு கிழிசல் தைக்கத் தொடங்குவார்கள்.